ஆடிச்சுற்றுக்கு நடந்த ஆவுடையக்கா

“ஜிம்முக்கு வந்தவங்களை வெளிய போய் நடங்கன்னு சொல்லி அனுப்புத மாஸ்டரை நான் இப்பத்தாம்மா பாக்கேன். நீ இந்தத் தொழிலுக்குத் தேறுவியா?”

நம் ஜிம் ஓனர் சார் என்னிடம் இப்படிக் கேட்டபோது காலைப் பெண்கள் பேட்ச் முடிந்து, எல்லோரும் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்கான பதில் அப்போது ரோட்டில் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. வந்து சேருமா என்பது எனக்கே தெரியாது.

நாளையிலிருந்து அந்தப் பேட்ச் புது மாஸ்டர்களான உங்கள் இருவர் கையில் வருகிறது. அதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டும் எழுதித் தந்துவிட்டுப் போகிறேன். எந்த மெஷினில் எந்தத் தசை வேலை செய்யும் என்பதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை நான் சொல்லத் தேவையில்லை. உங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். ரிட்டயர் ஆன ஆள் மாதிரி பேசுகிறாளே என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா விசைத்தறிக்கு நடுவில் நின்றே கால் நரம்பு புடைத்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். உடற்கல்வியில் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தை அம்மா சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துப் பொட்டு வைக்கிறாள். ஒரு நாள் என் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஜிம்முக்கு வந்தாள். ட்ரெட்மில்லில் ஒரு பெண் வேர்க்க வேர்க்க நடப்பதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: “இம்புட்டு நேரமா நடக்காளே, எங்கட்டி போய்ச் சேந்தா?”

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்பது ஆவுடையக்கா வந்த பிறகுதான் புரிந்தது.

ஆவுடையம்மாள் அக்கா தை மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடை திறக்கும் முன்னால் டிவிஎஸ் வண்டியில் அக்காவை உட்காரவைத்து, நம் வாசல் படிக்கே கொண்டுவந்து இறக்கி, கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டுப் போவார். பேட்ச் முடிந்ததும் அதே மாதிரி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். மற்ற பெண்கள் விடுவார்களா?

“எக்கா, அண்ணாச்சி இன்னும் கைய விட மாட்டேங்காவளே! கல்யாணம் முடிஞ்சு இன்னும் மறுவீட்டுக்கே போகலையோ?”

“ஏட்டி, கைய விட்டா நான் விழுந்துருவேன்னு அவருக்குப் பயம். அதத் தெரியாம நீ வேற” என்று அக்காவும் சிரிப்பார். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. காலில் ஒரு குறையும் இல்லை, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அக்கா வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித்தான் நடந்தார். தெருவில் தனியாகக் கால் வைத்து மாதக்கணக்காகியிருந்தது. சென்னையில் இருந்த மகள்தான் போனில் சண்டை போட்டு, புது ஷூ வாங்கி அனுப்பி, ஜிம்மில் சேர்த்துவிட்டிருந்தாள்.

சேரும்போது எல்லோரிடமும் கேட்பதுபோல, “எதுக்காகக்கா வந்திருக்கிய? எடை குறையணுமா, சுகர் குறையணுமா?” என்று கேட்டேன்.

“ஆடிச்சுற்று சுத்தணும் மாஸ்டர்” என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். உங்களில் வெளியூரிலிருந்து வந்திருப்பவளுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால், கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றி நடப்பார்கள். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாக இருந்தபோது நூற்றியெட்டுச் சுற்று என்று அக்கா நேர்ந்திருக்கிறார். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். போன ஆடியில் பிள்ளையைப் பார்க்கச் சென்னையில் இருந்துவிட்டார். ஊர் திரும்பியதும் இப்படி விழுந்துவிட்டார். கணவர், “ஒனக்குப் பதிலா நான் சுத்துதேன்” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“அவரு கேட்டு வாங்கின பிள்ளையா மாஸ்டர்? நான்லா கேட்டேன். நான்தான நடக்கணும்?”

அந்தப் பேரனும் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தான். மகள் வீடியோ அனுப்புவாள். சோபாவைப் பிடித்துப் பிடித்து நடக்கும் பிள்ளையை எங்களுக்கெல்லாம் காட்டி, “நானும் இவனும் ஒரே கிளாஸு” என்பார் அக்கா.

ட்ரெட்மில்லில் ஏற்றினேன். பக்கத்துக் கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு முதல் நாள் ஊர்ந்தார். பங்குனி முடியும்போது, இளம் பெண்களே வாயைப் பிளக்கும் அளவுக்கு நடந்தார். கால் உரமேறியிருந்தது. ஓனர் சார் போனில் படமெடுத்து, நம் ஜிம்மின் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டு, எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு ஒரு காலை, படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க மல்லுக்கட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: “இந்தச் சவத்த அவுக்கதுக்குள்ள கோயில்ல நடையே சாத்திருவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஜிம்மில் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டோம். கோயிலில் செருப்போடு விடமாட்டார்கள். இந்த அக்கா ஷூ போட்டு, ரப்பர் பட்டையில், ஏசிக் காற்றில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நடந்து பழகியிருக்கிறார். நடக்கப் போவதோ வெறுங்காலில், கல் தரையில், ஆடிக் காற்றில், இடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில்.

மறுநாள் விடியலில் நானே கோயிலுக்குப் போய் நடந்து பார்த்தேன். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், சின்னப் பிள்ளையிலிருந்து சுற்றுபவள்தான். ஆனால் வேலைக்காக நடந்து பார்ப்பது வேறு. சுற்றச் சுற்ற ஒன்று தெரிந்தது: ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கமே திரும்புகிறோம். திரும்பும் ஒவ்வொரு முறையும் இடது கால்தான் வெளியே தள்ளி ஊன்றி உடம்பைத் திருப்பிக் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் இடது இடுப்பின் வெளிப்பக்கம் கனத்தது. ட்ரெட்மில்லில் மூலையே கிடையாது. யாரும் அதில் திரும்புவதில்லை.

உங்களிடம் வருபவர் எங்கே நடக்கப் போகிறாரோ, எதைத் தூக்கப் போகிறாரோ, அங்கே நீங்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். “எக்கா, மெஷின் போதும். வாங்க, எதிர்த்த கடையில போய் ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்.”

“தெருவுலயா?”

“பின்ன, டீக்கடைய இங்கன தூக்கிட்டா வர முடியும்?”

வாசல் படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டுதான் வந்தார். ரோட்டின் விளிம்புக்கு வந்ததும் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு, கம்பியைத் தேடியது. கம்பி இல்லை. நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி கையில் அகப்பட்டது. அதை இறுக்கிப் பிடித்தார். ஸ்கூட்டர் சாய்ந்தது. அது பக்கத்து வண்டியில் சாய, அது அடுத்ததில் சாய, வரிசையாக எல்லாம் படுத்துக்கொண்டன. அக்காவை நான் பிடித்துக்கொண்டேன்.

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார்: “எக்கா, இது என்ன உங்க ஜிம்முல புது எக்சைஸா?”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. “என்னைய உள்ள கூட்டிட்டுப் போயிரு மாஸ்டர்” என்றார்.

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். மனசைத் தேற்ற வேண்டுமே என்று, “அம்மன் ஒத்தக்கால்ல நின்னா. நீங்க ரெண்டு கால்ல நிக்க மாட்டியளா?” என்றேன்.

“அவ தவசுக்கு நின்னாட்டி. நான் பயந்துல்லா நிக்கேன்.”

அப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. அக்காவின் காலில் பலம் வந்துவிட்டது. பயம் மட்டும் வந்த அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. நம் ஜிம் அதைக் குறைக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி கொடுத்து அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆகவே ஒரு முடிவெடுத்தேன். “எக்கா, இனி நீங்க இங்க வர வேண்டாம். காலையில உங்க தெருவுல தனியா நடங்க. அப்புறம் கோயிலுக்குப் போய் நடங்க. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு.”

சரியான யோசனை என்றுதான் நினைத்தேன். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

“வராதன்னு சொல்லுதியா மாஸ்டர்?”

“வெளிய நடந்தாத்தான் உங்களுக்கு நல்லதுக்கா.”

“நடக்கது இருக்கட்டும். வீட்டுல என்னைய யாரு பேரு சொல்லிக் கூப்பிடுதா? அவரு ‘ஏ இந்தா’ங்காரு. மக அம்மாங்கா. கடைக்கு வாரவன் எல்லாம் அண்ணாச்சி வீட்டம்மாங்கான். இங்கன வந்தாத்தான் ஆவுடை, ஆவுடையக்கான்னு நாலு பேரு கூப்பிடுதிய. அதையும் வேண்டாங்க.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். ஜிம்மா, தனியாகவா என்று கேட்டால் நாம் உடனே உடம்பைப் பார்த்துப் பதில் சொல்கிறோம். ஒருத்தி வீட்டை விட்டு இறங்கி இங்கே வருவதற்கு உடம்பைத் தவிர வேறு காரணம் இருக்கலாம். அதைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினால், அவருக்கு இருக்கும் ஒரே இடத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களாவோம். கேட்காமலே இங்கே வைத்திருந்தாலும் தப்புதான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில், அக்காவை இறக்கிவிட வந்த அண்ணாச்சியை நிறுத்தினேன்.

“அண்ணாச்சி, நாளையிலிருந்து அக்காவக் கொண்டுவந்து விடாதிய. அவங்களே நடந்து வரட்டும். செருப்பும் வேண்டாம், வெறுங்கால்.”

அண்ணாச்சி வண்டியை அணைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

“எம்மா, உள்ள விழுந்தா நீ தூக்குவ. வெளிய விழுந்தா?”

உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். அதற்குப் படித்த பதில் எதுவும் கிடையாது. விழமாட்டார் என்று நான் சொல்லியிருந்தால் அது பொய். டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். அக்காவின் கால் எவ்வளவு உறுதியாகிவிட்டது, இன்றைக்கு அந்தக் கால் எதையெல்லாம் தாங்கும் என்று சொன்னேன். பிறகு, “விழுந்தாலும் எந்திரிக்கிறதுக்குப் பழக்கியிருக்கேன் அண்ணாச்சி” என்றேன். அது உண்மை. தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைத்தான் மாசி முழுக்கச் செய்யவைத்திருந்தேன்.

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

“இங்க வரலாம்லா?” என்று கேட்டார். “நடந்து வந்தா, இங்க வரலாம்லா?”

“நடந்து வந்தாத்தான் வரலாம்.”

“கோட்டிக்காரி” என்று அக்கா என்னைச் செல்லமாகத் திட்டினார். சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் விடிந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பேட்ச் தொடங்கியது. அக்கா வரவில்லை. வார்ம் அப் முடிந்தது, வரவில்லை. பெண்கள் யாரும் கேலி பேசவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேட்ச் முடிந்து எல்லோரும் பாட்டிலை எடுக்கும்போதுதான் ஓனர் சார் வந்தார், விஷயத்தைக் கேட்டார், முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். அதோடு விடவில்லை.

“எங்கயாவது விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்லுதது? வண்டிய எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா.”

சாவியை நீட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் வண்டியோடு போய் நின்றால் அக்கா ஏறிவிடுவார். ஏறிவிட்டால் அந்த வருட ஆடி போச்சு. அடுத்த வருடமும் போச்சு. போகாமல் இருந்தாலோ, அவர் எங்காவது கிடந்தால்?

சாவியை வாங்கவில்லை. நடந்தே போனேன். அக்கா வரும் வழி எனக்குத் தெரியும். தெரு முக்கில், நிறுத்தியிருந்த ஒரு லோடு வேனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

அக்கா விழவில்லை. பெரிய ரோட்டின் அந்தப் பக்கம், ஒரு கடை ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். ஒரு பஸ் போனது, ஒரு கால் முன்னால் வந்தது. இன்னொரு பஸ் வந்தது, கால் பின்னால் போனது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ! என் கால் இரண்டும் ஓடத் துடித்தன. பிடித்துக்கொண்டேன். நான் கபடி ஆடியவள். கோட்டைத் தாண்டாமல் நிற்பதைவிடக் கஷ்டமான ஆட்டம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்போது பனவடலிசத்திரம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், வேறு வயலில் கிடை அடைக்கப் போகும் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க வந்தார். தலை ஆடு இறங்கியது. பின்னால் மொத்த மந்தையும் இறங்கியது. பஸ் நின்றது. பின்னால் லாரி நின்றது. ஹாரன் அடித்தார்கள், ஆடுகள் கண்டுகொள்ளவில்லை.

அக்கா ஷட்டரிலிருந்து முதுகை எடுத்தார். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்கு நடுவில் இறங்கிவிட்டார்.

முழங்கால் உயரத்துக்கு ஆடுகள் சுற்றிலும் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆட்டுக்காரர், “எம்மா, பைய, பைய! குட்டிய மிதிச்சிராதிய!” என்று கத்துகிறார். “நான் உன் குட்டிய மிதிக்கலப்பா, அதுதான் என் கால மிதிக்கு!” என்று அக்கா திருப்பிக் கத்துகிறார். மந்தை இந்தப் பக்கம் ஏறியபோது அக்காவும் ஏறியிருந்தார். திரும்பி ரோட்டைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு ஜிம் இருக்கும் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

வேனைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவருக்கு முன்னால் ஜிம்முக்குள் நுழைந்து, துண்டை மடித்துக்கொண்டிருப்பதுபோல நின்றேன்.

பேட்ச் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பாதம் முழுக்கப் புழுதி, சேலை ஓரத்தில் ஆட்டு ரோமம்.

“என்ன மாஸ்டர் வேர்த்திருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“எக்சைஸ் பண்ணினேன்க்கா. நீங்க எப்படி வந்திய?”

“ஆட்டோட வந்தேன். மனுசிக்கு நிக்காத பஸ்ஸு ஆட்டுக்கு நிக்கு, பாத்துக்கோ.”

சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஓனர் சார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, “ஷூ...” என்று ஆரம்பித்தார். அக்காவின் பாதத்தைப் பார்த்துவிட்டு, “உள்ள வாங்கக்கா” என்று முடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அக்கா தினமும் நடந்து வந்தார். எல்லா நாளும் ஆடு வருமா? சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, சில நாள் பூக்காரம்மாவோடு, பிறகு யாருமே இல்லாமல். ட்ரெட்மில்லில் நான் ஏற்றவில்லை. ஜிம்மின் பின்பக்க முற்றத்தில் கல் பாவிய தரையில், வெறுங்காலில், வலப்பக்கம் திரும்பித் திரும்பி நடக்கவைத்தேன். இடது காலில் மட்டும் நிற்கப் பழக்கினேன். மற்ற பெண்கள் சுற்றி நின்று வேண்டுமென்றே இடித்துக்கொண்டு போனார்கள். திருவிழாக் கூட்டம் அவர்கள்தான். “ஏட்டி, கோயில்லகூட இந்த இடி இடிக்க மாட்டாங்க” என்று அக்கா திட்டுவார். திட்டிக்கொண்டே நடப்பார்.

கொடி ஏறியது. முதல் நாள் நானும் கூட வருகிறேன் என்றேன்.

“நீ வராத மக்கா” என்றார். அதுவரை மாஸ்டர் என்றவர் அன்றைக்குத்தான் மக்கா என்றார். “நீ வந்தா உன் கையப் பிடிப்பேன்.”

நான் போகவில்லை. சாயங்காலம் அம்மா தறியிலிருந்து வரும் வழியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: “உங்க ஆவுடை சுத்துதா. ஒரு கையில புளியமுத்து வச்சி எண்ணிக்கிட்டே போறா. இன்னொரு கைய வீசிக்கிட்டுப் போறாட்டி, பட்டாளத்துக்காரி மாதிரி.” பிறகு, “நீ சொல்லிக் குடுத்ததா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். சீனி ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது.

நாலைந்து சாயங்காலங்களாகப் பிரித்து நடந்து அக்கா நேர்ச்சையை முடித்தார். முடித்த மறுநாள் காலை, நம் பேட்ச் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்தார். குதிகாலில் வெடிப்பு, அதன்மேல் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண் குழைத்துப் பூசியிருந்தது. அந்தக் காலோடு நம் பளபளப்பான தரையில் நடந்து உள்ளே வந்தார். தரையில் மண் தடம் விழுந்தது. ஓனர் சார் அன்றைக்குத் துடைப்பவரைக் கூப்பிடவில்லை. கடைசி ஆள் போகும்வரை அந்தத் தடம் அப்படியே இருந்தது.

இப்போது அக்கா வாரத்தில் சில நாள் ஜிம்முக்கு வருகிறார். மற்ற நாட்களில் கோயிலைச் சுற்றித் தனியாக நடக்கிறார். இதில் எது உடற்பயிற்சி, எது ஊர்ப்பேச்சு என்று பிரித்துப் பார்க்காதீர்கள். அவருக்கு இரண்டும் வேண்டும்.

ஆக, “ஜிம்முக்கு வரணுமா, நானே பண்ணிக்கலாமா மாஸ்டர்?” என்று உங்களிடம் யாராவது கேட்டால், சட்டென்று பதில் சொல்லாதீர்கள். எங்கே போய்ச் சேரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். என் அம்மா கேட்டதுதான். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பாருங்கள். தனியாக இருந்தால் சோம்பிப் போகிறவருக்கு ஜிம் வேண்டும். இங்கேயே ஒளிந்துகொள்பவருக்கு ரோடு வேண்டும். சிலருக்கு ஜிம்முக்கு வருகிற வழிதான் வேண்டும். யார் எந்த ரகம் என்பது நெற்றியில் எழுதியிருக்காது. கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை பொறுமையாக இருங்கள். போகச் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஓனர் சார் கத்துவார். கத்தட்டும். நல்ல மனிதர். அவர் கேட்ட கேள்விக்கு இதுவரை நான் வாயால் பதில் சொல்லவில்லை. போன வாரம் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன் என்று சொன்னபோது அவராகவே சொன்னார்: “போ. ஆனா இங்கன ஒரு காலை வச்சிக்கோ.”

நான் எங்கே போகிறேன் என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? அந்த ஆட்டுக்காரரின் மனைவி ஒருநாள் நம் வாசலில் வந்து நின்றார். ஆடுகளோடு ரோட்டைக் கடந்த அக்காவின் கதையைத் தன் புருசன் சொல்லித்தான் வந்ததாகச் சொன்னார். வயக்காட்டு வேலை செய்து செய்து இடுப்பு போயிற்று, பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி தினமும் இங்கே வர முடியாது, தன்னைப்போல ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம் என்றார். “மெஷின் இல்லாம சொல்லிக் குடுப்பியளா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரே சந்தேகமாக, “காட்டுல கெடந்து சாகுதவளுவளுக்கு இன்னும் எதுக்கு எக்சைஸுன்னு ஊருல சிரிக்காவ” என்றும் சொன்னார்.

நேற்று அங்கே போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முதல் பஸ்ஸில் போனேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள், தலையில் துண்டோடு, வேலைக்குப் போகிற கோலத்தில். ஒருவர் காலிலும் செருப்பில்லை. நான் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்து, ஷூ இரண்டையும் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

“முதல்ல, ஒவ்வொருத்தரும் உங்க பேரைச் சொல்லுங்க” என்றேன்.